பை பிடிக்கிறவள்

பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தப்புகள் அத்தனையும் ஜொனலினுக்கு அத்துப்படி. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்து மத்தியானத்துக்குள் நொண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். வாசலில் கண்ணில் படுகிற முதல் ராட்டினத்திலேயே வரிசையில் நின்று பாதிக் காலையைத் தொலைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். பிள்ளைக்கு வயிறு முட்ட ஊட்டி உடனே தலைகீழாய்ச் சுற்றும் வண்டியில் ஏற்றிவிட்டு, அப்புறம் சட்டை மாற்ற இடம் தேடி ஓடுகிறவர்கள் தனி ரகம். விடுமுறை நாளில் வந்துவிட்டு ஊரே ஏன் இங்கே வந்திருக்கிறது என்று ஆச்சரியப்படுகிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

எல்லாம் ஹாங்காங்கில் கற்றுக்கொண்டது. அவள் வேலை பார்க்கிற வீட்டில் இரட்டைப் பையன்கள். வருஷம் தவறாமல் அவர்களை அங்கே உள்ள பெரிய பூங்காவுக்கு அழைத்துப் போவார்கள். திட்டம் போடுவது மேடம் என்று பேர், போடுவது ஜொனலின். எந்த ராட்டினத்துக்கு முதலில் ஓடவேண்டும், எங்கே நிழல் இருக்கும், எந்தக் கழிப்பறையில் கூட்டம் இருக்காது என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் ஒரு ராட்டினத்தில்கூட ஏறியதில்லை. பையன்கள் ஏறும்போது கீழே பைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குத்தான் அவளுக்கு டிக்கெட்டே எடுத்தார்கள்.

இப்போது மூன்று வருஷம் கழித்து விடுப்பில் சொந்த ஊரான கண்டெலாரியாவுக்கு வந்திருந்தாள். மகள் டானிகாவுக்கு ஒன்பது வயது. அப்பன்காரன் எப்போதோ வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டான். பிள்ளையை வளர்ப்பது ஜொனலினின் அக்கா மிலா.

வந்த நாளிலிருந்து டானிகா அவளிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டது. தினம் காலையில் வந்து அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளும். சாப்பிட்டீர்களா என்று கேட்கும். கொடுத்த பொம்மைக்கு நன்றி சொல்லும். பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு மிலாவிடம் போய்விடும். ஒரு நாள் ஜொனலினே வலியக் கூப்பிட்டுச் சடை பின்னிவிட்டாள். பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மிலா அதே சடையை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருந்ததை ஜொனலின் பார்த்துவிட்டாள். இருவருமே அவள் மனசு நோகக்கூடாது என்று ஒளிந்துகொண்டு செய்தார்கள். அதுதான் இன்னும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை விமானம். அதற்குள் ஒரே ஒரு நாள், பக்கத்து மாகாணமான லகுனாவில் இருக்கிற பூங்காவில், பெரிய ராட்டினத்தில் மகளுக்குப் பக்கத்தில் அவள் உட்காரவேண்டும். எத்தனையோ பிள்ளைகளையும் தாய்மார்களையும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவள். அந்த உயரத்தில், வேறு யாரும் வந்து குறுக்கிட முடியாத அந்தக் கொஞ்ச நேரத்தில், பிள்ளை தன்னிடம் ஏதாவது பேசும் என்று நம்பினாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

திட்டத்தில் மொத்தம் மூன்று பேர். அவள், டானிகா, மிலா. அதை அவள் ஹாங்காங்கிலிருந்து வீடியோவில் பேசும்போது சொன்னாள். அங்கேதான் தப்பு. அந்த வீட்டில் போன் பேச்சு என்பது கூடத்தில் நடக்கிற கூட்டம். ஒருவர் போனைப் பிடித்திருப்பார், நாலு பேர் பின்னால் நின்று தலையாட்டுவார்கள், சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் விமானம் இறங்குவதற்குள் சோலிங் அத்தை தன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மூட்டுவலிக்காரத் தாத்தா எல்லோருக்கும் இடம் போட்டு, ஒரு ஜீப்னி வண்டியே பேசி முடித்துவிட்டாள். ஒரே நிறத்தில் எல்லோருக்கும் சட்டைகூட அச்சடித்தாயிற்று. பளீர் மஞ்சள், முதுகில் குடும்பப் பேர். கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதாம்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வெளிநாட்டிலிருந்து வந்தவள் சொந்தக்காரர்களை வராதே என்றாள் என்ற பேச்சு, அவள் செத்த பிறகும் அந்தத் தெருவில் உயிரோடு இருக்கும். ஜொனலின் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தாள். போகிற நாளையாவது தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். வார நாள், கூட்டம் இருக்காது. சொன்னபோது எல்லோரும் அவள் புத்திசாலித்தனத்தை மெச்சினார்கள்.

வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், சமைக்கவேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சேவல் கூவுமுன் அடுக்களையில் பூண்டு வதங்குகிற வாசனை வந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் சோலிங் அத்தை அண்டா நிறையச் சோறும் அடோபோக் கறியும் ஏற்றிவைத்திருந்தாள். பயணம் போகிற குடும்பம் வெறுங்கையோடு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். அத்தை வேலை செய்யும்போது பார்த்துக்கொண்டு நிற்க ஜொனலினுக்கு மனசு வரவில்லை. வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். அன்று பொழுது சாயும்வரை அவள் பிறகு உட்காரவேயில்லை. ஜீப்னியில்கூட ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்டாவைக் காலால் அணைத்துப் பிடித்தபடி பாதி நின்றுகொண்டுதான் வந்தாள்.

பூங்கா வாசலில் இறங்கியதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளிக்கூடப் பேருந்துகள். ஒவ்வொன்றிலிருந்தும் பிள்ளைகள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர்கள் விசில் ஊதினார்கள். அதில் ஒரு பள்ளிக்கூடத்தின் சட்டை பளீர் மஞ்சள்.

"இது என்னக்கா இது?" என்றாள் ஜொனலின்.

மிலா செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பிப்ரவரின்னா பள்ளிக்கூடமெல்லாம் வார நாள்ல இங்கதான் டூர் வரும். சனி ஞாயிறுதான் கொஞ்சம் காலியா இருக்கும்."

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்டீ."

"அப்ப ஏன்க்கா ஒருத்தர்கூட வாயத் திறக்கல?"

"நீ அவ்ளோ யோசிச்சுப் போட்ட நாளு. உம் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிடீ சொல்றது?"

ஜொனலினுக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. செலவு செய்கிறவளின் பேச்சை மறுக்கக்கூடாது என்று இவர்கள் அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டே வந்து பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். அவளும் அதே வீட்டில் பிறந்தவள்தானே, அவள்மட்டும் அத்தையிடம் வராதே என்று சொன்னாளா?

உள்ளே போனதும் அவள் வகுத்து வைத்திருந்த வழி ஒரே நிமிஷத்தில் செத்துப்போனது. கடைக்கோடிக்கு முதலில் போகவேண்டும் என்றாள். தாத்தாவுக்கு நடக்க முடியவில்லை. இரண்டு கூட்டமாகப் பிரிந்துகொள்ளலாம் என்றாள். அப்படியானால் சேர்ந்து வந்ததற்கு என்ன அர்த்தம் என்று அத்தை முகத்தைத் தூக்கினாள். ஆக, ஒரே மந்தையாக, வாசலில் இருந்த முதல் ராட்டினத்தின் வரிசையில், நாலு பள்ளிக்கூடங்களுக்குப் பின்னால் போய் நின்றார்கள். யாரைப் பார்த்து அவள் ஹாங்காங்கில் சிரிப்பாளோ, அவர்களாகவே ஆகிப்போனார்கள். அத்தையின் பேரன் ஒருவன் தொலைந்தான். மஞ்சள் சட்டைதான் அடையாளம் என்று காவலாளியிடம் சொன்னபோது அந்த மனுஷன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். கடைசியில் பையன் வேறொரு பள்ளிக்கூடத்தோடு வரிசையில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான்.

முதல் ராட்டினத்தில் ஏறும் நேரம் வந்தது. பைகளை மேலே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. யாரும் அவளிடம் கொடுக்கவுமில்லை. அவள் கைதான் தானாக நீண்டது. டானிகாவின் பை, மிலாவின் பை, அத்தையின் பை, குழந்தையின் பால் புட்டி, எல்லாம் தோளிலும் முழங்கையிலும் ஏறிக்கொண்டன. எந்தப் பையை எந்தத் தோளில் மாட்டினால் எடை தெரியாது என்று அவள் உடம்புக்குத் தெரியும். ராட்டினம் சுற்ற ஆரம்பித்தபிறகுதான், தான் வேலிக்கு வெளியே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. சரி, அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்ததிலும் அதேதான் நடந்தது. அதற்கடுத்ததில் குழந்தைக்குத் துணி மாற்றவேண்டியிருந்தது.

நடுவில் ஒரு முறை டானிகாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சின்னக் குழந்தைகளின் ரயிலுக்கு ஓடினாள். ஹாங்காங் போகும் அன்று அழுத பிள்ளைக்கு, அம்மா திரும்பி வந்ததும் நாம் இரண்டு பேரும் அந்தக் குட்டி ரயிலில் போகலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இத்தனை வருஷமும் அதை மறக்கவில்லை. ரயிலடியில் ஒரு கரடி பொம்மை கையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கைக்குக் கீழே நடந்து போக முடிகிற பிள்ளைகளுக்குத்தான் அனுமதி. டானிகாவின் நெற்றி அந்தக் கையில் இடித்தது.

"பாப்பா வளந்துட்டாங்க" என்று ரயில்காரப் பெண் சிரித்தாள்.

இரட்டைப் பையன்கள் எந்த மாதம் எந்த உயரத்துக்கு வந்தார்கள் என்று ஜொனலினுக்குத் தெரியும். அவர்களைச் சுவரோரம் நிறுத்திக் கோடு கிழித்தவளே அவள்தான். சொந்த மகளின் உயரத்தை அவள் போனில் பார்த்தே கணக்குப் போட்டிருந்தாள். போனில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவுதான்.

"பரவால்லம்மா. அது சின்னப் பிள்ளைங்களுக்குத்தான்" என்றது டானிகா. அம்மா வருத்தப்படக்கூடாது என்று, விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி சொன்னது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லோரும், திரும்ப உள்ளே வருவதற்கு அடையாளமாகக் கையில் முத்திரை குத்திக்கொண்டு, வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். ஜீப்னியின் நிழலில் வாழை இலையை விரித்து, சோற்றையும் கறியையும் நடுவில் குவித்து, சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிட்டார்கள். ஜொனலின் பரிமாறிக்கொண்டே, நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இன்னும் பத்துக் குடும்பங்கள் அதே மாதிரி. சாப்பாடு அருமையாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். சாப்பிட்டு முடித்து எல்லோரும் சோப்பு போட்டுக் கையைச் சுத்தமாகக் கழுவினார்கள். முத்திரையும் போயிற்று. வாசலில் காவலாளியிடம் ஜொனலின் கரடியாகக் கத்தி, கெஞ்சி, அடோபோவில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொடுத்து எல்லோரையும் உள்ளே ஏற்றுவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. அத்தையும் தாத்தாவும் குழந்தைகளும் ஒரு மரத்தடியைப் பிடித்துப் படுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் பெரிய ராட்டினத்தின் வரிசையில் மூன்று பேர்தான் நின்றார்கள். ஜொனலின், மிலா, டானிகா. முதலில் திட்டம் போட்ட அதே மூன்று பேர். மரத்தடிக்காரர்களின் பைகள் எல்லாம் ஜொனலினின் தோளில் இருந்தன. கால் வீங்கிச் செருப்பு கடித்தது. வரிசை நத்தையாக நகர்ந்தது. ஆனாலும் அவள் மனசு லேசாக இருந்தது. பரவாயில்லை, நாள் முழுக்க நாசமானாலும் இது மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளையிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கினாள். பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் வகுப்பில்? இருட்டுக்கு இன்னும் பயமா? பல் விழுந்தபோது யார் எடுத்து வைத்தார்கள்?

ராட்டினத்தின் வாசலில் நின்ற பையனும் களைத்துப்போயிருந்தான். மூன்று பேரா என்று பார்க்காமலே கேட்டான்.

டானிகா முந்திக்கொண்டு சொன்னது. "ரெண்டு பேர் அண்ணா. நானும் பெரியம்மாவும். அம்மா பை பிடிச்சுப்பாங்க."

ஜொனலின் கொஞ்சம் குனிந்து, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் வரமாட்டேன்னு யாருடா சொன்னா?"

டானிகா குழப்பத்தோடு பார்த்தது. "நீங்க அனுப்புன போட்டோல எல்லாம் அந்த அண்ணனுங்க மேல இருப்பாங்க. நீங்க கீழ பையோட நிப்பீங்க. உங்களுக்கு உயரம்னா பயம்னு நெனச்சேன்." பிறகு அம்மாவைத் தேற்றுகிற மாதிரி சேர்த்துச் சொன்னது. "கிளாஸ்ல டீச்சர் கேட்டாங்க, உங்கம்மா வெளிநாட்டுல என்ன வேலைன்னு. பை பிடிக்கிற வேலைன்னு சொன்னேன். நல்லாத்தான் சொன்னேன்மா."

ராட்டினத்துப் பையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெட்டித் தள்ளினார்கள். ஜொனலின் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவளுக்குத் தோன்றியதெல்லாம், பிள்ளை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே என்பதுதான். பையோடு நின்ற போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, அம்மா யார் என்று அது தானாகவே தெரிந்துகொண்டிருக்கிறது.

"குடு இங்க" என்றாள் மிலா.

"இருக்கட்டும்க்கா. நீ போ."

"குடுடீங்கறேன்." மிலா அவள் தோளிலிருந்து ஒவ்வொரு பையாக உருவித் தன் கழுத்திலும் கையிலும் மாட்டிக்கொண்டாள். மிலாவும் இந்த ராட்டினத்தில் ஏறியதில்லை. காலையிலிருந்து அவள் இதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததை ஜொனலின் கவனித்திருந்தாள். "எனக்கு எங்கியாச்சும் உக்காந்தாப் போதும். ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரிசையை விட்டு நகர்ந்தாள். ஜொனலினின் கைப்பை மட்டும் மிச்சம் இருந்தது. அதில் பாஸ்போர்ட்டும் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டும் இருந்ததால் அவள் அதை யாரிடமும் கொடுப்பதில்லை.

கூண்டுக் கதவைச் சாத்தினார்கள். தரை மெதுவாகக் கீழே போயிற்று. ஒவ்வொரு கூண்டாக ஆளேற்றுவதற்காக ராட்டினம் நின்று நின்று ஏறியது. டானிகா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, தொடாமல், ஆனால் பக்கத்தில். மஞ்சள் சட்டைகள் சின்னதாகிக்கொண்டே போயின. தூரத்தில் ஏரி தெரிந்தது. காற்று குளிர்ச்சியாக வந்தது.

"பயமா இருக்காம்மா?" என்று டானிகா கேட்டது.

இல்லை என்று சொன்னாள். நீ பக்கத்தில் இருக்கும்போது என்ன பயம் என்று சொல்ல நினைத்தாள். வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்ற கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. சேவல் கூவுமுன் எழுந்ததிலிருந்து இப்போதுதான் முதல்முதலாக உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. முதுகுக்கு ஒரு பலகை கிடைத்திருந்தது. கேட்கிறேன், அடுத்த கூண்டு ஏறட்டும், கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டே ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள்.

கண் விழித்தபோது கீழே பாட்டுச் சத்தம் கேட்டது. விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. கூண்டு கிட்டத்தட்டத் தரைக்கு வந்துவிட்டது. உச்சியும் ஏரியும் எல்லாம் எப்போதோ கடந்து போயிருந்தன. அவள் தலை ஒரு சின்னத் தோளில் சாய்ந்திருந்தது, அந்த மஞ்சள் சட்டை அவள் வாயோரம் ஈரமாகியிருந்தது. பிள்ளை ஆடாமல் அசையாமல், மரத்துப்போன தோளை இம்மி நகர்த்தாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. எத்தனை சுற்று அப்படி உட்கார்ந்திருந்ததோ தெரியவில்லை.

ஜொனலின் பதறிப்போய் மடியைத் தடவினாள். கைப்பையைக் காணவில்லை.

அது டானிகாவின் மடியில் இருந்தது. வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே ராட்டினத்துப் பையன் கதவைத் திறக்க வந்தான். பிள்ளை அவனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, இன்னொரு சுற்று என்று கையைச் சுழற்றிக் காட்டியது. அவன் ஒரு கணம் வரிசையைப் பார்த்தான், பிறகு கதவை விட்டுவிட்டான்.

"பை எங்கிட்ட இருக்கும்மா" என்றது டானிகா. "நீ தூங்கு."